புதுப்பிப்பு: மான் வேட்டைக்கு .243 வின்செஸ்டர் போதுமா?

மான் வேட்டைக்கு .243 வின்செஸ்டர் (உதை குறைந்த, சிறிய குண்டுள்ள துப்பாக்கித் தோட்டா வகை) போதுமா, அதைவிடப் பெரிய குண்டுள்ள .308 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தோளில் உதை குறைந்தால் குறி தப்பாது, இடம் தவறிப் பட்ட பெரிய குண்டு விலங்கை வதைக்கவே செய்யும் என்று ஒருவர் சொன்னதே சரியாக அமைந்தது. எனவே பட்டதும் விரியும் 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) குண்டுடன் .243-ஐத் தேர்ந்தெடுத்தேன், முழு உலோக உறையிட்ட குண்டு விரியாமலே துளைத்துச் செல்லும் என்பதால் அது வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் ஏற்றுக்கொண்டேன்.

பக்கவாட்டில் நின்ற மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலில் பட்டது. சிறிது தூரம் ஓடி விழுந்துவிட்டது. எதிர்பாராதது, குண்டு வெளியேறிய துளை சிறியதாக இருந்ததால் இரத்தத் தடம் எளிதில் தென்படாமல், புல் நுனியில் ஒட்டியிருந்த வெளிர்சிவப்பு நுரையைக் கொண்டே தேட நேர்ந்ததுதான். அடர்ந்த புதர்க்காட்டில் வேட்டையாடுபவர் என்றால் .308-ஐயே பரிசீலிக்கலாம்.

ஈயமில்லாத செம்புக் குண்டுக்கு மாறுவோர், எடை ஒன்றாகவே இருந்தாலும் குறியை மீண்டும் சரிபார்க்க வேண்டும். எனது துப்பாக்கியில் குண்டு படும் இடம் தெளிவாகவே விலகியது.