மேலவீடு குடும்பம் 🙏 (வாட்ஸ்அப் குழு)

மீனா: காரைக்குடி பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு பல்லு பாக்குற நல்ல டாக்டர் யாராச்சும் தெரியுமா. சோலைக்கு கீழ கடைசிப் பல்லு சொத்தை, ராத்திரி பூரா அழுகை. வியாழக்கெழமை கல்யாணம் வேற

மீனா: 📷 போட்டோ

சிகப்பி அப்பத்தா: பால் பல்லுதானே. தன்னால விழுந்துரும். கிராம்புத் தைலம் வை

அழகு துபாய்: ஆத்தா சொல்றதும் சரிதான்

வள்ளி: அண்ணன் ஆஜர் 😂

உமையாள் ஆச்சி: ஆத்தா அது பால் பல்லாட்டம் தெரியல. ஆறு வயசு வாக்குல ஒரு பல்லும் விழாமலே பால் பல்லுக்குப் பின்னாடி புதுசா கடைவாய்ப் பல்லு மொளைக்கும், நமக்குத் தெரியாது, பால் பல்லுதானேன்னு விட்டுருவோம், ஆனா அது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு, போனா திரும்ப மொளைக்காது. நம்ம பல் டாக்டர் நாச்சாகிட்ட போட்டோவ காட்டுனேன், எக்ஸ்ரே பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்ங்குறா. சரி பால் பல்லாவே இருக்கட்டும், பின்பக்கத்துது 10, 12 வயசு வரைக்கும் நிக்கணுமாம், முன்னாடியே புடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்த அடைச்சுரும், அப்புறம் கிளிப்புக்கு அலையணும். தைலத்த ஊத்தாதீக, ஈறு வெந்துரும்

வள்ளி: ஆச்சி மூச்சு விடுங்க

சொக்கு சித்தப்பா: போட்டோல பின்னால முகப்புத் தூண்ல வெள்ளையா தெரியுதே. சுண்ணாம்பு தெறிச்சிருக்கா

சொக்கு சித்தப்பா: யாரக் கேட்டு வெள்ளையடிச்சாக

மீனா: சித்தப்பா பல்லு

சொக்கு சித்தப்பா: பல்லு பாக்கட்டும். தூணு பர்மா தேக்கு

மீனா: போன வருசம் ஒரு எடத்துல மூணு பேரு சேந்து பிள்ளைய அமுக்கிப் பிடிச்சாக. அன்னைலேர்ந்து வெள்ளைக் கோட்டு பாத்தாலே வாயத் தொறக்க மாட்டேங்குறா. விரல கடிச்சு வேற வச்சுட்டா

அழகு துபாய்: யாரு விரல

மீனா: டாக்டர் விரலத்தான்

வள்ளி: அப்பத்தா ரத்தம்

சிகப்பி அப்பத்தா: நான் யாரடி கடிச்சேன்

உமையாள் ஆச்சி: அதுக்குத்தான் மீனா சொல்றேன், பீடோடான்டிஸ்ட்டா பாரு. பி.டி.எஸ். முடிச்சுட்டு மேல மூணு வருசம் எம்.டி.எஸ்.ல பிள்ளைக பல்லு மட்டும் படிச்சவுக. வாசல்ல ஒட்டகச்சிவிங்கி படம் ஒட்டியிருக்கேன்னு உள்ள போயிராத, போர்டுல படிப்பப் பாரு. முன்கூட்டி போன் போட்டு பிள்ளை பயப்படும், ஆத்தாள கூட உக்கார விடுவீகளான்னு கேளு. அவசரம் இல்லேன்னா நல்ல டாக்டர் மொத நா சேர்ல உக்கார வச்சு கண்ணாடிய கையில குடுத்து வெளையாட்டு காட்டி அனுப்புவாக. ஆனா கன்னம் வீங்குனாலோ காய்ச்சல் அடிச்சாலோ நாளு கெழமை, எம்.டி.எஸ்.னு பாத்துக்கிட்டு இருக்காத, அன்னைக்கே பக்கத்துல இருக்க பல் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு

மீனா: வீக்கம் இல்ல ஆச்சி. இப்ப தூங்குறா

முத்து (தேவகோட்டை): புதுக்கோட்டைல கவர்மெண்டு பல் காலேஜ் 2023ல தொறந்தாகல்ல. ஒரு மணி நேரந்தான். போன் போட்டு கேட்டுட்டு போங்க

அழகு துபாய்: மதுரை பெட்டர். பணம் நான் போட்டு விடுறேன்

முத்து (தேவகோட்டை): பணத்தப் பத்தி யாரு பேசுனா மாப்ள

வள்ளி: ஆரம்பிச்சுட்டாக

உமையாள் ஆச்சி: கல்யாணத்துக்குச் செஞ்ச மனகோலப் பலகார டப்பாவ யாரு அவ கைக்கு எட்டுற எடத்துல வச்சது. பல்லுல ஒட்டுன வெல்லப்பாகு லேசுல போவாது

சிகப்பி அப்பத்தா: பேத்தி திங்காம யாரு திங்குறது. நீங்கள்லாம் தின்னு வளரலையா

வள்ளி: அதான் எனக்கு நாலு ரூட் கெனால்

மீனா: சனிக்கெழமை காலைல போறேன். புதுக்கோட்டையா மதுரையான்னு சொல்லுங்க. கார் வேணும் சித்தப்பா

சிகப்பி அப்பத்தா: சனிக்கெழமை 9 டு 10.30 ராகு காலம்

முத்து (தேவகோட்டை): 8 மணிக்கு கெளம்பிருங்க

சொக்கு சித்தப்பா: சனிக்கெழமை கார் பந்தக்காரரக் கூட்டிட்டு வரப் போகுது. மொத வெள்ளையடிச்ச ஆளு நம்பர அனுப்புங்க

அழகு துபாய்: நான்தான் சித்தப்பா அடிக்கச் சொன்னேன்

சொக்கு சித்தப்பா: தெரியும்