9 லட்சத்துக்கு டெல்லி 520டி வருகிறது, வாங்கலாமா?

கோவைப்பயணி:
வணக்கம் நண்பர்களே. டெல்லியில் பதிவான 2013 பிஎம்டபிள்யூ 520டி ஒன்று 9 லட்சத்துக்கு வருகிறது. 84,000 கிமீ, ஒரே ஓனர். அங்கே டீசல் வண்டிக்கு 10 வருடக் கெடு கொண்டுவந்ததால்தான் இந்த விலை என்கிறார் புரோக்கர். வீட்டில் அதே காசுக்குப் புது ஹேட்ச்பேக் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மாதம் இரண்டு முறை சென்னை ஓட்டம் உண்டு, செடான்தான் ஆசை. இன்ஜின் எப்படி, வருடத்துக்கு எவ்வளவு இழுக்கும்? வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்கை:
தம்பி, 9 லட்சத்தோடு முடியாது. டெல்லி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது ஆயுள் வரியை நீங்கள் கொடுத்த விலைக்குப் போடமாட்டார்கள், வண்டி புதிதில் விற்ற விலையை வைத்துத்தான் போடுவார்கள். ஆர்டிஓவில் தொகையைக் கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

இன்ஜின் என்47. இதில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும், செயின் விலையைவிடக் கூலி அதிகம். 2007 முதல் 2011 வரை வந்தவைதான் ரொம்ப மோசம், பிறகு பாகங்களைத் திருத்தினார்கள். இருந்தாலும் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, இன்ஜினின் பின்பக்கம் கரகரவென்று உரசல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், அந்தச் சத்தத்தை மறைக்கச் சூடாக்கியிருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள். செயின் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் போச்சு.

பழையசெடான்:
என்னிடம் 4 வருடம் இருந்தது வேறொரு ஜெர்மன் செடான், ஏர் சஸ்பென்ஷன் உள்ளது, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும். ஒரு நாள் காலை பால் வாங்கக் கிளம்பினால் முன்பக்க வலது மூலை அப்படியே டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், அந்தப் பையின் ரப்பர் மடிப்பில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, காற்றடிக்கும் கம்ப்ரசரும் எரிந்திருந்தது. இரண்டுக்கும் 1,40,000 ரூபாய். அடுத்த வருடம் மொத்தச் செலவே 35,000தான். மாதாமாதம் கொஞ்சமாக வந்தால் சமாளிக்கலாம், இது மொத்தமாக வந்து நிற்கும். பிள்ளையின் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் கைவைத்தேன், இன்றும் மனசு கேட்கவில்லை. தனியாக 2 லட்சம் ஒதுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஸ்பானர்கை:
520டியில் காயில் ஸ்பிரிங்தான், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கியர் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிமீக்குள் மாற்றச் சொல்கிறது. இந்த வண்டி அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், அந்தக் கருவி உள்ள தனி ஒர்க்‌ஷாப் ஒன்றைக் கோவையில் முதலில் பிடித்துவிடுங்கள்.

கோவைப்பயணி:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். சனிக்கிழமை டெல்லி போகிறேன். வெள்ளி இரவிலிருந்து வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். சர்வீஸ் ரெக்கார்டில் கியர் ஆயில் இல்லையென்றால் 8க்கு மேல் பேசமாட்டேன்.