ரேடியேட்டர் ஹோஸ் ஜாயின்ட்ல லீக் – பழைய கார் வச்சிருக்கவங்க அனுபவம் சொல்லுங்க

நம்ம வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மெட்ராஸ்லயே செஞ்சது, 948 சிசி. ஹெரால்டுல முன்பக்கம் பானெட்டு மட்கார்டு எல்லாம் ஒரே துண்டா முன்னாடி சாயும், டயர் மேல உக்காந்துக்கிட்டே என்ஜின் வேலை பாக்கலாம். அவ்ளோ வசதி இருந்தும் இந்த லீக் எங்கேர்ந்து வருதுன்னு புடிக்கவே முடியல, ஏன்னா வண்டி ஓடுறப்ப ஒரு சொட்டு கூட வராது. ராத்திரி நிறுத்திட்டு காலைல பாத்தா கீழ பச்சையா கொஞ்சம் ஈரம், என்ஜின் சூட்ட தணிக்கற கூலன்ட் தான். அதுவும் மார்கழில தான் ஆரம்பிச்சுது. சூட்டுல ரப்பர் இளகி பைப்போட ஒட்டிக்குது, ஆறினதும் விறைச்சுப் போயி இடைவெளி விட்டுருது, அவ்ளோ தான் விஷயம்.

கண்டுபுடிச்சது எப்படின்னா, ராத்திரி ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கீழ நியூஸ்பேப்பர் துண்டு சுத்தி விட்டேன். காலைல மேல் ஹோஸ்ல என்ஜின் பக்கம், அதாவது தெர்மோஸ்டாட் மூடி பக்கம் இருந்த பேப்பர் மட்டும் நனைஞ்சிருந்துச்சு, ரேடியேட்டர் பக்கம் காஞ்சு கெடந்துச்சு.

பக்கத்துல ஒரு ஒர்க்ஷாப்ல காட்டினேன். பையன் ஸ்க்ரூட்ரைவர எடுத்தான், ஹோஸ இறுக்கிப் புடிக்கற கிளிப்ப நல்லா முறுக்கினான், ஆச்சு சார்ன்னுட்டான். கொஞ்ச நாள் நின்னுச்சு, அப்புறம் முன்ன விட ஜாஸ்தி. அந்த மாதிரி ஓட்டை போட்ட பட்டை கிளிப்ப ஓவரா முறுக்கினா ஓட்டை வழியா ரப்பர் இடியாப்பம் மாதிரி பிதுங்கி அப்படியே வெட்டுப்பட்டுரும். ஆனா நம்ம ஊர்ல ஹோஸ் லீக்னாலே எல்லாரும் மொதல்ல ஸ்க்ரூட்ரைவர தான் தேடுறாங்க.

அப்புறம் புதுப்பேட்டைல பழைய வண்டி மட்டுமே பாக்கற பாய் ஒருத்தர்ட்ட போனேன். அவரு ஹோஸ புடிச்சு திருகவே இல்ல, பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுத்தாரு. ரேடியேட்டர் கழுத்து மெல்லிசு பித்தளை, ஈயப் பத்து வச்சது, ஹோஸ முறுக்கி இழுத்தா கழுத்தே கையோட வந்துரும்னாரு. உள்ள பாத்தா தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம், வெள்ளைப் பவுடர் பூத்து குழி குழியா அரிச்சிருக்கு. நகத்த வச்சு இழுத்தா ஒவ்வொரு குழிலயும் மாட்டுது. அந்தக் குழி வழியா தான் கூலன்ட் வெளிய வருது, மேல எவ்ளோ நல்ல கிளிப் போட்டாலும் என்ன பண்ணும்?

வயர் பிரஷ் போட்டு, எமரித் தாள் போட்டு, சூடு தாங்கற எபாக்சிய குழில பூசி நல்லா காய விட்டு மறுபடி நைசா தேய்ச்சாரு. தேய்க்கறப்ப அந்த மூடியோட கழுத்த சுத்தி வளையமா தான் தேய்க்கணுமாம், நீளவாக்குல தேய்ச்சா அந்தக் கோடே தண்ணி வர்ற வழியாயிடும். கிளிப்பும் பழசு இருந்த எடத்துல போடல. கழுத்து நுனில லேசா ஒரு மேடு இருக்கும், கிளிப் அந்த மேட்டுக்கு உள்பக்கமா உக்காரணும், மேட்டு மேலயே உக்காந்தா வழுக்கிட்டு வந்துரும். ஓட்டை இல்லாத, ஓரம் மடிச்ச பட்டை கிளிப் வாங்குங்க, வெலை கொஞ்சம் கூட தான்.

ஹோஸ் ஜிபி ரோட்ல வாங்கினது. ஹெரால்டுக்குன்னு தனியா கெடைக்காது, பழச கைல எடுத்துட்டுப் போயி வளைவு ஒத்துப்போற வேற வண்டி ஹோஸ பாத்து வெட்டிக்கணும். உள்விட்டம் கரெக்டா இருக்கணும், அதுல மட்டும் காம்ப்ரமைஸ் வேணாம். ஒன்னேகால் இஞ்ச் கழுத்துன்னா 32 மில்லி. கடைக்காரர் 35 குடுத்துட்டு கிளிப் போட்டா சரியாயிடும்பாரு, ஆகாது, ஸ்க்ரூவுக்கு அடில ரப்பர் மடிப்பு விழுந்து அது வழியாவே ஒழுகும்.

---

கோயமுத்தூருங்க, நமக்கு அம்பாசடர். நீங்க ரேடியேட்டர் மூடி, அந்தக் கேப்ப பத்தி சொல்லவே இல்லீங்களே. அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் 4, 7 பிஎஸ்ஐ மாதிரி கம்மி அழுத்தக் கேப்பு தானுங்க. இப்ப கடைல எடுத்து நீட்றது 0.9 பார், 1.1 பார், அதாவது 13, 16 பிஎஸ்ஐ. அத மாட்டுனா அந்த அழுத்தத்த பழைய கழுத்தும் பத்து வச்ச எடமும் எங்கீங்க தாங்கும், எது பலவீனமோ அங்க பிச்சுக்கும். ஹோஸ மாத்தியும் நிக்கலீன்னா மொதல்ல கேப்புல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பாக்கறது வண்டி ஆறுனதுக்கப்பறமுங்க, சூட்டுல தொறந்து மூஞ்சி வெந்தவங்கள பாத்திருக்கேன்.

நம்ம வண்டில இத்தன வருசமா பச்சத்தண்ணி தான். கூலன்ட் ஊத்துன ஒடனே நாலு பக்கமும் கசிய ஆரம்பிச்சிருச்சு. துரு அடைச்சு வச்சிருந்த எடத்தையெல்லாம் அது கழுவி உட்டுருதுங்க, தண்ணி போகாத சந்துலயும் பூந்துரும். கூலன்ட் மேல தப்பில்லீங்க, ஓட்டை முன்னாடியே இருந்திருக்கு. ஓட்டைய அடைக்க ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடச் சொல்ற லாரிக்காரங்க வைத்தியம் நடுரோட்ல நின்னா வீடு வந்து சேர சரி, அதோடயே ஓட்டுனா ரேடியேட்டர் உள்குழாய் அடைச்சு என்ஜின் சூடாயிரும். ஹோஸ் ஏறலீன்னு கிரீஸ் தடவறதும் வேணாமுங்க, ரப்பர் ஊறி உப்பிரும், சோப்புத் தண்ணி போதும். கீழ சிந்துனா கழுவி உட்ருங்க, இனிப்பா இருக்குன்னு நாய் நக்கும், அது வெசமுங்க.

---

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில நிக்கிறது மொரிஸ் மைனர், அதுவும் 948 சிசி தான், ஆனா உங்கட ஹெரால்ட் எஞ்சின் வேற, இது வேற. பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயிலயே ஓடின கார், ஸ்ரார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல். ரேடியேற்றர் ஹோஸ் எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, வோட்டர் பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் கிடக்கு, பெருவிரல் நீளம் தான், அது தான் உயிரை வாங்கும். சும்மா நேர் ஹோஸ் எண்டால் பம்பைக் கழட்டாமல் போடேலாது. அதுக்குத்தான் மடிப்பு மடிப்பா அமத்தக்கூடிய ஹோஸ் விக்கிறாங்கள், அமத்திப் பிடிச்சு உள்ள விட்டால் தானா விரிஞ்சு இரண்டு பக்கமும் ஏறும். கிளிப் இரண்டையும் முதலே ஹோஸில கோத்திட்டு விடுங்கோ, ஸ்குரூ தலை கைக்கு எட்டுற பக்கம் பாத்து இருக்கோணும். எங்கட அப்பா பம்ப் கழட்டுற நேரமெல்லாம் அந்த ஹோஸையும் மாத்திப்போடுவார், பழசு நல்லா இருந்தாலும் சரி.

---

கோயமுத்தூர் அண்ணே, கேப் விஷயம் நூத்துக்கு நூறு கரெக்ட், என் வண்டிலயும் பாய் அத பாத்து கம்மி அழுத்தத்துக்கு மாத்தினாரு. இன்பாக்ஸ்ல சிலிகான் ஹோஸ் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. போடலாம் ப்ரோ, ஆனா சிலிகான் ரொம்ப மெத்துன்னு இருக்கும், ஓட்டை பட்டை கிளிப் போட்டா சீக்கிரம் கிழியும், ஸ்க்ரூ கிளிப்ல லேசா கசியவும் செய்யும். புதுசு எது போட்டாலும் நல்லா சூடாகற அளவுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, ஆறினதும் கிளிப்ப ஒரு தடவை செக் பண்ணுங்க, ரப்பர் அமுங்கி லூசாகியிருக்கும். கையால லேசா முறுக்கினா போதும்.