சிறையில் தைத்த கூலிக்குக் கணக்கு வாங்குவது எப்படி?

வணக்கம். என் மச்சான் தண்டனை முடிந்து வந்துவிட்டார். உள்ளே தையல் பிரிவில் காக்கிச் சட்டை தைத்தவர். காலர் வைப்பதில் இப்போது கைதேர்ந்த ஆள். ஆனால் கிடைத்த கூலி சொற்பம். எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை.

கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், சாப்பாடு, துணிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. சரி, கழிக்கட்டும், கணக்கைக் காட்ட வேண்டாமா? கேட்டால் நாங்கள் மனு போட்டு அவரைப் பார்க்க வருவதற்கே சிக்கல் வரும் என்று பயந்து அவர் உள்ளே வாயே திறக்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். வேலை நாள் பதிவேடு, பிடித்தம் தவிர வேறென்ன கேட்கலாம்? விண்ணப்பம் சிறைக்கே அனுப்பணுமா, தலைமையகத்துக்கா? மாதிரி வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.