மறு: பி0203-க்குத் தமிழ்: ‘திறந்த’ வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

நம் பழுதுக் கையேட்டுக்காக, ஸ்கேனரில் தெரியும் வண்டிப் பழுதுக் குறியீடுகளைத் தமிழாக்கி வருகிறோம். பி0201 முதல் பி0212 வரையுள்ளவை இன்ஜெக்டர், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் மின்வால்வு, பற்றியவை; பி0203-க்கு ஆங்கில மூலம் ‘Injector Circuit/Open – Cylinder 3’. இவற்றுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘உட்செலுத்திக் கோளாறு’, ‘எரிபொருள் ஊசிப் பழுது’, ‘உட்செலுத்தி திறந்த சுற்று’. மூன்றுமே மெக்கானிக்கைத் தப்பான இடத்தில் கைவைக்கச் சொல்கின்றன. திருமங்கலம் பக்கம் வண்டி வயரிங் வேலை கற்க வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த இடத்திலிருந்தே பேசுகிறேன்.

குறியீடு என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு இரண்டு வயர். சாவி போட்டதும் ஒன்றில் ரிலே வழியாக 12 வோல்ட் வந்து நிற்கும். மற்றது இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினிக்குப் போகும். இ.சி.யு. அதைச் சில மில்லிவினாடி எர்த்தோடு (வண்டிப் பாடியோடு) சேர்த்துவிடும். அந்த நேரம் மட்டும் காயிலில் கரன்ட் ஓடி உள்ளே ஊசி தூக்கும், பெட்ரோல் பீய்ச்சும். சேர்க்காதபோது இரண்டாவது வயரில் 12 வோல்ட் தெரிய வேண்டும், சேர்க்கும்போது பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். இ.சி.யு. கவனிப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். வாயில் கசடு அடைத்து ஒரு சொட்டுகூட வராத இன்ஜெக்டரும் மின்கணக்கில் ‘நல்ல’ இன்ஜெக்டரே. அதற்கு பி0203 வராது; மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் (சரியாக எரியவில்லை) என்று பி0303 வரும்.

ஆக, ‘உட்செலுத்திக் கோளாறு’ என்று ஸ்கேனரில் படிக்கிற பையன் என்ன செய்வான்? புது இன்ஜெக்டருக்கு ஆர்டர் போடுவான். வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து அறுப்பு முடிந்த கையோடு வருகிற வண்டிகளைப் பார்த்தால் இது புரியும். “அண்ணே, வண்டி முக்குது, ஏசி போட்டா ஆஃப் ஆயிருதுண்ணே” என்பார்கள். பானெட்டைத் தூக்கினால் பேட்டரி ஓரத்தில் எலிப்புழுக்கை கிடக்கும். வயல் காய்ந்ததும் எலிக்குச் சூடான இடம் அதுதானே. இன்டேக்குக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்கு) அடியில் போகிற வயர்க்கட்டில் டேப்பைப் பிரித்தால், ஒரு வயரில் மேல்தோல் மட்டும் கொறிபட்டு, செம்பு பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் பொடியாக உதிரும். இன்ஜெக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லில் ‘மின்சுற்று’ முன்னால் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அடுத்து ‘திறந்த’. பள்ளிப் பாடநூலில் ‘திறந்த மின்சுற்று’ உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஸ்விட்சை அணைத்து வைத்தாலும் அது திறந்த சுற்றுதான். பழுது என்ற பொருளே அதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் பேசுவது ஒரு வால்வைப் பற்றி. ‘இன்ஜெக்டர் திறந்திருக்கிறது’ என்றால் பெட்ரோல் ஒழுகுகிறது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். சுற்று திறந்திருந்தாலோ இன்ஜெக்டர் திறக்கவே திறக்காது. ஒரே கையேட்டில் ஒரே சொல் நேரெதிரான இரண்டு நிலைக்கு வந்தால் படிப்பவன் எதை நம்புவான்? ‘திறத்தல்’ வால்வுக்கே இருக்கட்டும், வயருக்கு ‘அறுதல்’. பட்டறையில் இப்போதும் “லைன் அந்துபோச்சு” என்றுதான் சொல்கிறார்கள்.

‘அறுசுற்று’ என்று சுருக்கலாமே என ஒருவர் எழுதியிருந்தார். வினைத்தொகையாகப் பார்த்தால் அழகுதான். ஆனால் அறுசுவை, அறுபடை என்று பழகிய காதுக்கு ஆறு சுற்று என்றல்லவா விழும்! ‘அறுபடல்’ போதும்.

இன்னொன்று: மூலத்தில் ‘சுற்று’, ‘அறுபடல்’ இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறது. அதையும் கொண்டுவர வேண்டும். வயர் அறுந்ததா, காயில் எரிந்ததா, கப்ளரில் (வயரை இன்ஜெக்டரோடு இணைக்கும் சொருகியில்) பின் பின்வாங்கியதா, இ.சி.யு.வுக்குள் போனதா என்று குறியீடு தீர்ப்புச் சொல்வதில்லை. ஆகவே என் வரி: ‘இன்ஜெக்டர் மின்சுற்றுப் பழுது / அறுபடல் – சிலிண்டர் 3’.

பி0261, பி0262 ஆகியவற்றை ‘சுற்று தாழ்வு’, ‘சுற்று உயர்வு’ என்று விட்டால் எதுவும் விளங்காது. தாழ்வது, உயர்வது மின்னழுத்தம். ‘இன்ஜெக்டர் கட்டுப்பாட்டு வயரில் மின்னழுத்தம் குறைவு – சிலிண்டர் 1’ என்று பி0261-ஐ நீட்டியே எழுதலாம். விளக்கத்தில் ‘வயர் எர்த் ஆகியிருக்கலாம்’ என்று சேர்க்கவும். இந்தக் கட்டுப்பாட்டு வயர், அதாவது இ.சி.யு.வுக்குப் போகிற இரண்டாவது வயர், பாடியில் தட்டினால் சாவி போட்டிருக்கும் வரை இன்ஜெக்டர் மூடாது. பிளக் நனையும், பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ‘எர்த்’தை ‘புவித்தொடுப்பு’ ஆக்க வேண்டாம். டயரில் நிற்கிற வண்டிக்குப் புவி எங்கே வந்தது?

இன்ஜெக்டருக்குத் தமிழ் கட்டாயம் வேண்டுமென்றால் ‘உட்செலுத்தி’யைவிட ‘பீய்ச்சி’ எனக்கு உவப்பு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையின் குறுகிய வாய் வழியே தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, வேலை அதேதான்: பின்னால் அழுத்தம், முன்னால் சின்னத் துளை. ஆனாலும் குறியீட்டு வரியில் இன்ஜெக்டர் என்றே இருக்கட்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு பைக் மெக்கானிக் வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

சோதனைக் குறிப்பில் வர வேண்டியவை: கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு, ஒரு பின்னில் 12 வோல்ட் வருகிறதா பார்ப்பது. பிறகு இன்ஜெக்டரின் இரு பின்னுக்கிடையே மின்தடையை ஓமில் அளப்பது. பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 12 முதல் 16 வரை காட்டும், மீட்டரில் ‘ஓ.எல்.’ (அளக்க முடியாத அளவு மின்தடை) என்றால் காயில் அறுந்தது. குளிரில் சரியாகக் காட்டி, சூடேறியதும் அறுகிற காயிலும் உண்டு; எனவே இரண்டு நிலையிலும் அளக்கச் சொல்லவும். வயர் எட்டினால் 2, 3 கப்ளர்களை மாற்றிச் சொருகி, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம்: பி0203 அப்படியே நின்றால் வயர் அல்லது இ.சி.யு., பி0202 ஆக மாறினால் இன்ஜெக்டர். வயர்த்தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கத்தைத் தடுத்து ஒரு வரி சேர்க்கவும், அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கிக் களிம்பு பிடிக்கும்.

இவையெல்லாம் பெட்ரோலுக்கு. காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) சாலினாய்டு, அதாவது காந்தக் காயில், இன்ஜெக்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். பியேசோ வகையில் (காயிலுக்குப் பதில் மின்சாரத்தால் நீளும் படிகம்) 100 வோல்ட்டுக்கு மேல் போகும், ஓடும்போது கப்ளரில் கைவைக்கக் கூடாது. அதற்குத் தனி எச்சரிக்கை வரி யார் எழுதுகிறீர்கள்?