சம்பங்கியில் கொழுந்து இலை மட்டும் வெளுப்பது ஏன்?

சத்திப்பூந்தோட்டம்:
வணக்கம். சத்தியமங்கலம் பக்கம் 60 சென்ட் நிலத்தில் பிரஜ்வல் இரகச் சம்பங்கி நட்டு இது இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டில் இலையும் பூந்தண்டும் குறை சொல்ல முடியாதபடி வந்தன. இப்போது அடி இலைகள் பச்சையாக இருக்க, கொழுந்து இலைகள் மட்டும் நீளவாக்கில் பச்சைக் கோடும் மஞ்சள் கோடுமாக வெளுக்கின்றன. யூரியா இரண்டு முறை கொடுத்தும் பயனில்லை; டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும் உரம்) வைத்த பிறகு வெளுப்பு கூடியதாகவே தோன்றுகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம் கருகருவென்று நிற்கிறது. பாசனம் போர்த் தண்ணீர்தான். எந்த உரம் குறைகிறது?

வேரும்மண்ணும்:
ஐயா, உரம் குறைந்ததைவிட, இருக்கும் சத்தை வேர் எடுக்க முடியாததே காரணமாக இருக்கக்கூடும். யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால் செடி அதை அடி இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும் என்பதால் முதலில் பழுப்பது அடி இலைதான். இரும்பு அப்படி எளிதில் இடம் பெயராது. ஆகவே அதன் பற்றாக்குறை கொழுந்தில்தான் தெரியும்.

சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தாலும் கரையாத நிலையில் கிடக்கும். சம்பங்கி போன்ற பயிர்கள் வேரைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் உறிஞ்சுகின்றன. போர்த் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் என்னும் கார உப்பு அந்த அமிலத்தை அவ்வப்போதே முறித்துவிடுகிறது. மக்காச்சோளம் புல்லினம்; இரும்பைப் பிடித்து இழுத்துவரும் தனிப் பொருளையே அதன் வேர் சுரப்பதால், அதன் பச்சையை வைத்து மண்ணை எடைபோட வேண்டாம். டி.ஏ.பி.யிலுள்ள மணிச்சத்து மிகுந்தால் இரும்பையும் துத்தநாகத்தையும் மேலும் முடக்கும் என்பதால், உங்கள் சந்தேகம் நியாயமானதே. முதல் ஆண்டு நன்றாக இருந்ததற்கு, நட்ட கிழங்கிலேயே இருந்த சேமிப்பும் ஒரு காரணமாகலாம்.

ஒரு பிடி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உறுதி. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, மாலை வேளையில், விரிந்த பூவில் படாமல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். பூவில் பட்டால் கறை விழும்.

கிழங்குக்காரன்:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் தெளிப்பு தற்காலிகத் தீர்வுதான். மண்வழி கொடுப்பதானால் கடையில் "இரும்புச் செலேட்" (இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரையும் நிலையிலேயே வைத்திருக்கும் பொருள்) என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். இ.டி.டி.ஏ. வகை, கார மண்ணில் இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். இ.டி.டி.எச்.ஏ. வகைதான் தாங்கும்; விலை அதிகம், கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும், வெயிலில் சிதையும் என்பதால் தெளிக்காமல் வேரடியில்தான் ஊற்ற வேண்டும்.

பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். ஈரம் கட்டிய மண்ணில் வேர் விடும் கரியமிலவாயு வெளியேற முடியாமல் பைகார்பனேட்டாக மாறுவதால், என் தோட்டத்தில் தண்ணீரைக் குறைத்ததே பாதி வெளுப்பைப் போக்கியது. மண் பரிசோதனை முடியும்வரை டி.ஏ.பி.யை நிறுத்துங்கள், சாம்பல் சத்தை நிறுத்த வேண்டாம், கிழங்கு பருக்க அது தேவை.

சத்திப்பூந்தோட்டம்:
இருவருக்கும் நன்றி. வினிகர் ஊற்றியதும் மண் சோடாவைப் போலப் பொங்கியது. முதல் தெளிப்பு முடிந்து ஆறு நாளாகிறது. இலை முழுவதும் பச்சையாகவில்லை. துளி விழுந்த இடங்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. மருந்து சரியாக வேலை செய்யவில்லையா?

வேரும்மண்ணும்:
வேலை செய்கிறது, ஐயா. இரும்பு விழுந்த இடத்தைவிட்டு நகராததால்தான் புள்ளியாகப் பச்சை பிடித்திருக்கிறது. பற்றாக்குறை இரும்புதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அடுத்த முறை ஒட்டும் திரவம் கலந்து, இலை முழுவதும் நனையும்படி தெளியுங்கள்.