ஐபோன் 11: பேட்டரி மாற்றினால் வரும் 'சரிபார்க்க முடியவில்லை' செய்தி

தீராத_சார்ஜ்:
ஐபோன் 11, ஐஓஎஸ் 17. பேட்டரி ஹெல்த் (புதுசா இருந்தப்ப இருந்த கொள்ளளவுல இப்ப மிச்சம்) 76%. வெளியில 3110 எம்ஏஎச் பேட்டரி வாங்கிப் போட்டா, ஒரிஜினலான்னு சரிபார்க்க முடியலைன்னு செய்தி வரும்னு சொல்றாங்க. ஏன்? பழைய பேட்டரியில இருக்கிற சின்ன சர்க்யூட் போர்டைப் புது செல்லுக்கு (சார்ஜைச் சேமிக்கிற பகுதி) மாத்தினா அந்தச் செய்தி நின்னுடுமா?

மைக்ரோ_சால்டர்:
நின்னுடும் ப்ரோ. செல்லுல ஒண்ணுமில்ல, அதோட தலைமாட்டில் இருக்கிற பிஎம்எஸ் போர்டுதான் (பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட்) விஷயம். அதுல இருக்கிற சிப்போட அடையாளத்தை மதர்போர்டு தெரிஞ்சு வச்சிருக்கு. 2018-ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ்ஸிலிருந்தே இப்படித்தான். இன்னொரு ஐபோன் 11-லிருந்து கழற்றின ஒரிஜினல் பேட்டரிக்கும் அதே செய்திதான், கொடுமை.

சார்ஜை 25%க்குக் கீழே இறக்கிட்டுத் திறங்க. பேட்டரி கனெக்டரைத்தான் முதல்ல எடுக்கணும். போர்டைப் பிரிக்கும்போது பிளஸ், மைனஸ் பட்டை ரெண்டையும் ஒரே வெட்டா வெட்டாதீங்க, கத்தரி வழியாவே ஷார்ட் ஆகும். ஒண்ணை வெட்டி, காப்டன் டேப் (சூடு தாங்குற இன்சுலேஷன் டேப்) சுத்திட்டு அடுத்தது. புது செல்லுல ஸ்பாட் வெல்டிங் (ஒரு நொடிக்குள்ள புள்ளியா பற்றவைக்கிறது) மட்டும்தான். சால்டரிங் அயர்ன் வச்சா சூடு பட்டை வழியா செல்லுக்குள்ள இறங்கும். பிளஸ் மைனஸ் மாறினா போர்டு காலி.

செய்தி வராது. ஆனா 76% அப்படியே நிக்கும், பழைய கணக்கு சிப்புலதானே இருக்கு. அதை மாத்த தனியா புரோகிராமர் கருவி வேணும்.

டிரை_பாயிண்ட்:
ஒரு செய்திக்காக லித்தியம் செல்லை வெட்டணுமா? வெல்டிங் மெஷின் இல்லாதவங்க பேட்டரியை முழுசாவே மாத்துங்க. போன் வழக்கம்போல ஓடும், சார்ஜும் ஏறும். ஐஓஎஸ் 17-ல் ஹெல்த் சதவீதம் தெரியாது, அவ்வளவுதான். வெளி பேட்டரிக்கும் ஹெல்த் காட்டுவோம், ஆனா அது சரியான்னு உறுதி சொல்ல மாட்டோம்னு 2024-ல் ஆப்பிள் அறிவிச்சாங்க. ஐஓஎஸ் 18-ல் வந்த ரிப்பேர் அசிஸ்டென்ட்டை (மாத்தின பாகத்தை போனோட சேர்க்கிற வசதி) நம்பாதீங்க, அது ஐபோன் 12-லிருந்துதான்.

நிஜமான ஆபத்து வேற இடத்துல. டிஸ்ப்ளே புத்தகம் மாதிரி வலப்பக்கமா திறக்கும், 90 டிகிரிக்கு மேல சாய்க்காதீங்க. மேலே இயர்பீஸோட வர்ற மெல்லிசான கேபிள் கிழிஞ்சா ஃபேஸ் ஐடி போயிடும். அதுவும் அந்த மதர்போர்டோட ஜோடி சேர்ந்தது, புதுசு வாங்கி மாட்டினாலும் வேலை செய்யாது.

தீராத_சார்ஜ்:
அப்ப முழு பேட்டரிதான். அடியில இருக்கிற ஒட்டுப்பட்டை இழுக்கும்போது அறுந்தா?

டிரை_பாயிண்ட்:
ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில சொட்டு ஓரமா விட்டு 2 நிமிஷம் விடுங்க. பிளாஸ்டிக் கார்டை மெதுவா நுழைச்சுத் தூக்கணும். உலோகத்தால நெம்பாதீங்க, செல் மடங்கினாலே புகையலாம். மூடும்போது டிஸ்ப்ளே விளிம்புக்குப் புது ஒட்டுப்பட்டை போடுங்க.